மாப்பிள்ளையின் இரண்டு நாள் கொடைக்கானல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். வீட்டு மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பா எங்களை அப்படித்தான் வளர்த்தார். ஆகவே பாராட்டித்தான் எழுதப் போகிறேன். பாராட்ட அதில் நிறைய இருக்கிறது. எதையும் நான் இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் உழைப்பு. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குச் சென்னையை விட்டு, 500 கிலோமீட்டருக்கு மேல் கண் அசராமல் ஓட்டி, விடியும்போது வத்தலக்குண்டில் டீ. 7.30-க்கு வெள்ளி அருவி. 9-க்கு ஏரி. 10-க்குப் பிரையண்ட் பூங்கா. 11-க்குக் கோக்கர்ஸ் வாக். அப்புறம் பசுமைப் பள்ளத்தாக்கு, தூண்பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட். சனிக்கிழமை ஒரே நாளில் ஒன்பது இடம். ஞாயிறு காலை பூம்பாறை, மன்னவனூர், மதியம் இறக்கம், திங்கள் காலை ஆபீஸ். அந்தச் சனிக்கிழமையிலேயே பத்தாவது இடமாக, மாலை 4.40 முதல் 4.55 வரை ‘மச்சான் வீடு’ என்று பச்சை நிறத்தில் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவு நெருக்கடியிலும் எனக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கிய மனசு யாருக்கு வரும்? கோக்கர்ஸ் வாக்குக்கே 20 நிமிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கோக்கர்ஸ் வாக் 1872-இல் மலையின் விளிம்பை ஒட்டிப் போட்ட பாதை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். மஞ்சு விலகினால் கீழே சமவெளி விரித்த பாய் மாதிரி தெரியும். மஞ்சு இறங்கிவிட்டால் கைப்பிடிக் கம்பிகூடத் தெரியாது. அது ஐந்து நிமிடத்தில் விலகும், அரை நாள் அப்படியே நிற்கவும் செய்யும். முப்பது வருடமாக இங்கே இருக்கும் எனக்கு அதன் நேரம் பிடிபடவில்லை. நீங்கள் மஞ்சையும் 11 மணியிலிருந்து 11.20-க்குள் கொண்டுவந்துவிட்டீர்கள்.

இ-பாஸ் எடுத்த சுறுசுறுப்பையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: எங்கள் மலைக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. முடிந்துபோய்விடுமோ என்று ராத்திரி கண்விழித்து நீங்கள் மூன்று பாஸ் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் குடும்பம், ஆபீஸ் நண்பர்கள் இருவர் குடும்பம், மொத்தம் பதினோரு பேர். ஒரு வேனில் அடங்கிவிடுவீர்கள். ஆனாலும் யாருக்கும் இடுக்கமாக இருக்கக் கூடாது என்று மூன்று கார். கூட வருபவர்களுடைய முழங்காலைக்கூட யோசித்த அக்கறை அது.

நான் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கார் 4 மீட்டர் என்றால் 6,000 கார் 24 கிலோமீட்டர். எங்கள் ஏரியின் சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முட்ட முட்ட நிறுத்தினால் ஏரியைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஐந்து வரிசை. காருக்கு நான்கு பேர் என்று வைத்தால் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மொத்த மக்கள்தொகையே 36,501. அவ்வளவு பேரும் ஒரே சனிக்கிழமை காலையில் பல் துலக்கிக் குளிக்க வேண்டும். கோடை நாளில் எங்கள் தெருவில் குழாய் வரும் நாள் பார்த்துத்தான் துணி ஊறவைப்போம். உங்கள் விடுதியில் 24 மணி நேரமும் வெந்நீர் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தண்ணீர் லாரியில் ஏறி எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும்.

விடுதி பிடித்ததிலும் உங்கள் சாமர்த்தியம் தெரிகிறது. ஏரி பார்த்த காட்டேஜ், பேரம் பேசிப் பாதி விலை, பெயர்ப்பலகை இல்லை, ரசீது இல்லை, ‘லொகேஷன் வாட்ஸ்அப்பில் வரும்’. நீங்கள் அனுப்பிய படத்திலேயே அந்தச் சரிவு எது என்று தெரிந்துகொண்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் அது பேரிக்காய்த் தோட்டம். இந்த ஊரில் அனுமதி இல்லாமல் எழுந்த கட்டடங்களுக்குச் சீல் வைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டு வருடங்கள் ஆயிற்று. ஒன்றைப் பூட்டினால் அடுத்த வளைவில் ஒன்று திறக்கிறது. பாதி விலைக்கு அறை கிடைக்கிறதென்றால், மீதி விலையை யாரோ கொடுக்கிறார்கள். அந்தச் சரிவில் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் அது மண்ணுக்குள் இறங்கி, ஓடையில் கலந்து, ஏரிக்கு வரும். நீங்கள் பால்கனியில் நின்று பார்க்கப்போகும் அதே ஏரிக்கு.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. படகு, குதிரை, சைக்கிள், மசாலாச் சோளம், குழுப்படம், ஐந்தும் அந்த ஒரு மணி நேரத்துக்குள். அது மலையில் தானாகக் கிடந்த ஏரி இல்லை. ஓடைகள் வந்து தேங்கிய சதுப்பு நிலம் அது. மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டி நீரைத் தேக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து விட்டார். அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் குதிரையிலோ ஆள் சுமந்த நாற்காலியிலோதான் ஏற வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பியிருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 60 ஏக்கர் நீர், நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. எந்த ஒரு இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் கண்ணுக்குள் வராது. சுற்றி நடந்தால்தான் ஒவ்வொரு கையாகத் தெரியும். அதற்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். நடை உங்கள் பட்டியலில் இல்லை.

இன்னொன்று. பட்டியலில் முதலில் இருக்கும் வெள்ளி அருவி, 180 அடி, இந்த ஏரியின் உபரி நீர்தான். ஏரியில் எது கலக்கிறதோ அதுதான் அருவியாக விழுகிறது. ‘பிள்ளைகள் குளிக்க: 20 நிமிடம், மாற்றுடை மறக்க வேண்டாம்’ என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். மாற்றுடைவரை யோசிக்கும் தகப்பன் நீங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பிள்ளைகளை அதில் இறக்காதீர்கள்.

நெரிசலில் உங்கள் பொறுமையை ஊரே மெச்சும். போன வருடம் இந்த ஊர் மூஞ்சிக்கல்லில் ஒன்றரை மணி நேரம் வண்டி நகராமல் நின்றபோது நீங்கள் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை, பாட்டுப் போட்டுப் பிள்ளைகளுக்கு விடுகதை சொன்னீர்கள் என்று தங்கை பெருமையாகச் சொன்னாள். நம்புகிறேன். நீங்கள் அப்படிப்பட்டவர்தான். அதே மாதத்தில் இன்னொரு சனிக்கிழமை நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன், ஆம்புலன்ஸுக்குள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. இங்கே முதலுதவி செய்துவிட்டுத் தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சாலை காலியாக இருந்தாலே மலை இறங்க நேரம் எடுக்கும். வளைவில் பாட்டில் ஆடாமல் இருக்க நான்தான் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்திருந்தேன். சைரன் போட்டுக்கொண்டு நாங்கள் நிற்கிறோம். எதிரே ஒரு காரின் ஜன்னலில் சின்னப் பெண், கையில் மஞ்சள் பலூன். எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் அப்பா கீழே இறங்கி முன்னால் ஓடி, மற்ற வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். வழிவிட எல்லோருக்கும் மனசு இருந்தது, மாப்பிள்ளை. விட இடம்தான் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்போது வெள்ளிக்கிழமை மாலை வந்தாலே மாத்திரை டப்பாவை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்.

மூஞ்சிக்கல் என்றதும் எனக்கு நினைவு வருவது வேறு. அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில்தான் 2001-இல், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மலைமேல் வந்து உட்கார்ந்த தெர்மாமீட்டர் ஆலை அந்த வருடமே மூடியது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று, 591 பேர். வெளியிலிருந்து வருகிறவர்கள் விட்டுப்போவது என்ன ஆகும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் சுத்தத்தைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நிறையாது. உங்கள் கார் எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு முறுக்குத் துண்டுகூடச் சீட்டில் கிடக்காது. போன தடவை நீங்கள் எல்லோரும் இறங்கிய மறுநாள், திங்கட்கிழமை காலை 6 மணிக்கு, வழக்கம்போல ஏரியைச் சுற்றி நடந்தேன். கரைக் கம்பி ஓரமாகத் துப்புரவுப் பணியாளர் ஒரு அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மாங்காய் விற்ற கப், சோளக் கப், டீ கப், சிப்ஸ் பாக்கெட், குழந்தையின் டயாபர். வாயிலிருந்து ஆவி வருகிற குளிர். கையுறை இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். ஏன் என்று கேட்டேன். “போட்டுக்கிட்டா இந்தக் கம்பிக்குள்ள வெரல் போகாது சார்” என்றார். கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் மண்ணில்தான் எல்லாம் சேர்கிறது. காருக்குள்ளும் வைத்திருக்கக் கூடாது, நடைபாதையில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், ஆகவே கம்பிக்கு அந்தப் பக்கம். அந்த அம்மாவின் விரல் நுனி வெடித்து, கறுத்து, நகத்தடியில் பச்சைப் பாசி ஏறியிருந்தது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. சின்னத் தண்ணீர் பாட்டில்களை மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று சோதனைச் சாவடியில் சொல்வார்கள். உங்கள் பட்டியலில் ‘தண்ணீர் பாட்டில் 2 கேஸ், டிக்கியில், போர்வைக்கு அடியில்’ என்று இருக்கிறது. பிள்ளைகள் தாகத்தில் தவிக்கக் கூடாதே என்ற முன்யோசனை. ஆனால் அப்படி மேலே வரும் பிளாஸ்டிக் இங்கேயே தங்கிவிடுகிறது. இங்கே நாயுடுபுரத்தில் ராத்திரி காட்டுமாடு குப்பைத் தொட்டி வரைக்கும் வரும். வாயில் பாலித்தீன் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். அதற்கு எது இலை, எது பை என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

குணா குகைக்கு 45 நிமிடம், கோக்கர்ஸ் வாக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். கலையின்மேல் உங்களுக்கு உள்ள பற்று தெரிகிறது. 1991-இல் வந்த ‘குணா’ படம் அந்தக் குழிக்குப் பெயரை மாற்றியது. 2024-இல் மஞ்சும்மல் பாய்ஸ் வந்த பிறகு அங்கே நிற்க இடம் கிடைப்பதில்லை. தரைக்கு மேலே பாம்பு மாதிரி பின்னிக் கிடக்கும் அந்தச் சோலை மரத்து வேர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வேரிலும் ஒரு காதல் செதுக்கியிருக்கிறது. மேலே ஏறி நின்று படம் எடுத்து எடுத்துப் பட்டை வழுக்குப் பாறையாகிவிட்டது. அடுத்ததாக நீங்கள் குறித்திருக்கும் பைன் காடு இந்த மலைக்குச் சொந்தமே இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் அடியில் புல்லும் சரியாக முளைக்காது. அதனால்தான் படம் எடுக்க அவ்வளவு வசதி. மழையைப் பிடித்து வைத்து வருடம் முழுக்க ஓடையில் விடுவது சோலையும் புல்வெளியும். அவை இரண்டையும் பார்க்கவென்று உங்கள் ஒன்பது இடங்களில் ஒன்றுகூட இல்லை. ஒருவகையில் அது அவற்றுக்கு நல்லது.

சூரிய ஆய்வகத்தை நீங்கள் விட்டுவிட்டதில் மட்டும் எனக்கு வருத்தம். 1899-இல் ஆரம்பித்தது. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இந்த மலையில்தான். பெரியவனுக்கு அறிவியல் பிடிக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எதிரில் ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் என்று விளம்பரம் இருந்திருந்தால் ஒருவேளை பட்டியலில் வந்திருக்கும்.

உங்களிடம் நான் கண்ட எல்லா நல்ல குணமும் உண்மை, மாப்பிள்ளை. உழைப்பு, அக்கறை, பொறுமை, சுத்தம், பிள்ளைப் பாசம், எதுவும் பொய்யில்லை. என் வேதனை என்னவென்றால், அத்தனையும் உங்கள் மூன்று காரின் கதவோடு நின்றுவிடுகிறது. கெட்டவர்கள் வந்து இந்த ஊர் கெடவில்லை. உங்களைப்போல நல்லவர்கள், ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே ஒன்பது இடத்துக்கு வருகிறார்கள். வரக்கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. குதிரைக்காரரும் சாக்லேட் கடைக்காரரும் மலைப்பூண்டு விற்கும் பூம்பாறைப் பெண்களும் உங்களை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரே நாளில் ஆறாயிரம் வண்டி தேவையில்லை. எல்லா நாளும் கொஞ்சம் பேர் வந்தால் போதும்.

போன வாரம் உங்கள் மகள் போனில் கேட்டாள், “மாமா, நாங்க வரும்போது குறிஞ்சி பூத்திருக்குமா?” என்று. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூப்பது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030 என்று சொன்னேன். “அவ்ளோ நாளா?” என்றாள். ஆமாம் என்றேன். அந்தச் செடி யாருடைய லீவுக்காகவும் அவசரப்படாது.

ஆகவே இதைக் கேளுங்கள். இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். காலாண்டு விடுமுறையில், சனி ஞாயிறை விட்டுவிட்டு, ஒரு திங்கள் ராத்திரி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். விடியுமுன் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து பஸ். டம் டம் பாறை வளைவில் இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு எலிவால் அருவியைப் பார்க்கட்டும். ஓட்ட வேண்டிய கவலை இல்லாமல் நீங்களும் பார்க்கலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்; நிரப்பித் தர நான் இருக்கிறேன். அந்தக் காட்டேஜுக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும். எங்கள் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. என் மனைவி உங்களுக்காக மலைப்பூண்டுக் குழம்பு வைப்பாள். மூன்று நாள் இருங்கள். ஒரு நாள் ஏரியைச் சுற்றி நடப்போம். ஒரு நாள் ஆய்வகம். ஒரு நாள் எங்கும் போக வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் எடுத்துவாருங்கள். ராத்திரி குளிர் அதிகம்.

இப்படிக்கு,
மச்சான்